குழந்தைகளோடு முதல் இத்தாலிப் பயணம்: ஏழு ஊர் வேண்டாம், இரண்டு போதும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையிலிருந்து நால்வர் கிளம்புகிறீர்கள். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. மே மாதம், எட்டு இரவுகள். முட்டை சேர்த்துக்கொள்ளும் சைவம். பட்டியலில் ரோம், வத்திக்கான், பொம்பேய், பிளாரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் எல்லாம் இருக்கின்றன. "எதையும் விட மனமில்லை, எந்த வரிசையில் அடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த வரிசையில் அடுக்கினாலும் இந்தப் பட்டியல் குழந்தைகளை அழவைக்கும். ரோமில் ஐந்து இரவு, வெனிஸில் மூன்று இரவு. ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து விமானம் ஏறுங்கள். இதுதான் என் பதில். ஏன் என்பதையும், அந்த எட்டு நாளை எப்படி நிரப்புவது என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாளுக்கு மேல் போய்விடும். காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் பெட்டி, ரயில் நிலையம், பசி, கழிப்பறை. பெரியவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை இரண்டாவது முறையே சோர்ந்துபோவான். எட்டு இரவில் நான்கு முறை ஊர் மாறினால் இரண்டு முழு நாளைப் பெட்டி தூக்குவதற்கே கொடுத்ததாகும்.

வெனிஸை வைத்துக்கொண்டு பிளாரன்ஸை விடச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். வழக்கமாக எல்லோரும் ரோமையும் பிளாரன்ஸையும்தான் சேர்த்துச் சொல்வார்கள். பிளாரன்ஸ் மகத்தான ஊர்தான். ஆனால் அதன் செல்வமெல்லாம் சுவர்களுக்கு உள்ளே, அருங்காட்சியகங்களில் இருக்கிறது. உஃபிட்ஸியில் மூன்று மணி நேரம் நிற்கப் பொறுமை வேண்டும். புருனெல்லஸ்கி கட்டிய பேராலயக் குவிமாடத்துக்கு ஏற 463 படிகள், மின்தூக்கி கிடையாது. வெனிஸிலோ தெருவில் கால் வைத்ததுமே வேடிக்கை தொடங்கிவிடும். கார் இல்லை, பைக் இல்லை. குப்பை அள்ளுவது படகு, ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்பு வண்டியும் படகு. டிக்கெட் வாங்காமலே ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கக்கூடிய ஊர் அது. பிளாரன்ஸை உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் பாருங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.

பீசா கோபுரத்தில் 8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஏற விடுவதில்லை. அதனால் உங்கள் மகன் கீழேதான் நிற்க வேண்டும், அதற்காக ஒரு நாளைச் செலவழிப்பது நியாயமில்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ஊரான பொம்பேய், ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியதே. ஆனால் நேப்பிள்ஸ் வரை அதிவேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில், பிறகு நிழலே இல்லாத கல் தெருக்கள் என்று நீளும் நாள் அது. அதற்கு ஈடான ஓர் இடம் ரோமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மிலானை யோசிக்காமல் அடித்துவிடுங்கள்.

இனி, இந்தத் திட்டத்தின் அச்சாணிக்கு வருகிறேன். மே மாதத்தில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். உங்கள் பிள்ளைகள் வீட்டில் காலை எட்டரைக்கு எழுபவர்களாக இருந்தால் அங்கே ஐந்து மணிக்கு விழித்து உட்காருவார்கள். சாயங்காலம் ஏழு ஏழரைக்குக் கண் சொருகும். இத்தாலியில் உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கதவு திறப்பதே ஏழரை மணி வாக்கில்தான். பெரும்பாலான குடும்பங்கள் இதை எதிர்த்துப் போராடுகின்றன: குழந்தையை ஒன்பது மணி வரை விழிக்க வைத்து, மேசையில் தூங்கி விழும் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பி, கூட்டத்தின் உச்சத்தில் போய் நிற்கின்றன. நீங்கள் போராடாதீர்கள். குழந்தைகளின் கடிகாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எட்டு நாளில் அது பெரிதாக மாறப்போவதுமில்லை, மாற வேண்டிய தேவையும் இல்லை.

ஆக, ஒவ்வொரு நாளும் இப்படிப் போகட்டும். ஐந்தரைக்கு எழுந்து, அறையிலேயே பாலும் ரொட்டியும். ஆறரைக்குத் தெருவில் இருங்கள். பதினொன்றரை வரை பார்க்க வேண்டியதைப் பாருங்கள். பன்னிரண்டரைக்கு உணவகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய், அன்றைய பெரிய சாப்பாட்டை அங்கே நிதானமாகச் சாப்பிடுங்கள். பிறகு அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுக்கை. நான்கரைக்கு மேல் பூங்கா, சதுக்கம், ஐஸ்கிரீம். ஏழு மணிக்கு அறையில் எளிய சாப்பாடு, எட்டுக்குள் தூக்கம். மே மாதத்தில் இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், திரைச்சீலையை இழுத்து மூடிவிடுங்கள்.

இதற்காகத்தான் ஓட்டலைவிடச் சமையலறை உள்ள அடுக்குமாடி வீட்டைச் சொல்கிறேன். ரோமில் மோந்தி, எஸ்குவிலினோ என்ற இரண்டு பேட்டைகளில் தேடுங்கள். கொலோசியத்துக்கும் டெர்மினி ரயில் நிலையத்துக்கும் நடுவில் இருப்பவை அவை. எஸ்குவிலினோவில் விட்டோரியோ சதுக்கத்தை ஒட்டிய சந்தையில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். இந்திய, வங்கதேசக் கடைகள் நிறைந்த பகுதி. மூன்றாம் நாள் பிள்ளை "ரசம் சாதம்" என்று கேட்கும்போது இந்தச் சந்தையின் அருமை தெரியும். வீட்டைப் பதிவு செய்யுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மின்தூக்கி உண்டா, ஏசி உண்டா, துவைக்கும் இயந்திரம் உண்டா. பழைய கட்டடங்களில் நான்காம் மாடி வரை படிதான் என்பது சாதாரணம். இன்னொன்று, இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். ஏசி, அடுப்பு, துவைக்கும் இயந்திரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், கதவருகே உள்ள பெட்டியில் சுவிட்சை மேலே தள்ளினால் வந்துவிடும்.

ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினிக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் வந்துவிடும். பெரியவருக்கு 14 ஐரோ. ஒரு பெரியவரோடு 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு குழந்தை இலவசம், ஆகவே நால்வருக்கும் சேர்த்து 28 ஐரோ. அதிகாரபூர்வ வெள்ளை டாக்சியில் பழைய நகர மதிலுக்குள் எங்கு போனாலும் நிர்ணயக் கட்டணம், 55 ஐரோ வரும். முதல் நாள் களைப்பில் வாசல் வரை கொண்டுவிடும் டாக்சிக்கு அந்தக் கூடுதல் பணம் தகும் என்பேன். விமான நிலையத்துக்குள் வந்து "டாக்சி, டாக்சி" என்று அழைப்பவர்களோடு போகாதீர்கள்.

முதல் நாள் எதையும் பார்க்க வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யுங்கள்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக் குழாயைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ரோமில் நசோனே என்று சொல்லப்படும் வார்ப்பிரும்புக் குழாய்கள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. 1870களிலிருந்து இருப்பவை. இரவு பகலாகக் குளிர்ந்த குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாய் முனையை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியே தண்ணீர் பீறிட்டு வாய்க்கு நேராக வரும். இதை ஒருமுறை கற்றுக்கொண்ட ஆறு வயதுப் பையன் ஊர் முழுக்க அடுத்த குழாய் எங்கே என்று தேடிக்கொண்டே நடப்பான், "கால் வலிக்குது" என்று சொல்ல மறந்துபோவான். பாட்டில் தண்ணீருக்குக் காசும் மிச்சம்.

இரண்டாம் நாள் விடியலில் திரேவி நீரூற்று. பகலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டிய இடம். காலை ஆறரைக்கு நீர் விழும் ஓசை கேட்கும். குழந்தைகள் வீசும் காசு வீணாவதில்லை, அவற்றைச் சேகரித்து கரித்தாஸ் என்ற தொண்டு அமைப்புக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். அங்கிருந்து நடந்தே பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோவில். கான்கிரீட்டில், உள்ளே இரும்புக் கம்பியே இல்லாமல் கட்டிய குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் அதுதான். குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் அதே. உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை பெய்தால் நேராக உள்ளே விழும். விழும் தண்ணீர் வடிவதற்குத் தரையில் சிறு துளைகள் உண்டு, அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 2023 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு, 18 வயதுக்குக் கீழ் இலவசம். அடுத்து லார்கோ அர்ஜென்தீனா சதுக்கம், அதன் நடுவே பழைய இடிபாடுகள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட இடம் இந்த இடிபாடுகளுக்குள்தான் இருக்கிறது. இன்று அங்கே பூனைகளின் ராஜ்ஜியம், தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். சீசரைப் பற்றி மகள் கேட்பாள், பூனையை மகன் விடமாட்டான். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை முடிந்தது.

மூன்றாம் நாள் கொலோசியம். ஊரிலிருந்து கிளம்புமுன்பே பதிவு செய்துவிட வேண்டிய முக்கியமான இடம் இது. அதிகாரபூர்வத் தளத்தில் பார்க்கப்போகும் நாளுக்கு 30 நாள் முன்பு டிக்கெட் திறக்கும், காலை முதல் நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடும். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இலவசம்தான், ஆனாலும் குழந்தைகளுக்கும் கட்டணமில்லா டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு வாசலில் நிற்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், அதனாலேயே அன்று அந்தப் பக்கம் போகக் கூடாது.

உள்ளே என்ன காட்டுவது என்பதுதான் பெரிய விஷயம். கி.பி. 80இல் தீத்துஸ் பேரரசர் திறந்து வைத்தார் என்று தொடங்கினால் மகன் அடுத்த நிமிடமே வேறெங்கோ பார்ப்பான். உள்ளே போகுமுன் வெளிச்சுவரைக் காட்டுங்கள். ஒவ்வொரு வளைவின் மேலும் ரோமன் எண் செதுக்கியிருக்கிறது, அந்தக் காலத்தின் நுழைவாயில் எண்கள் அவை. வடபக்கம் இன்னும் நிற்கும் சுவரில் 23 முதல் 54 வரை மிஞ்சியுள்ளன. பத்து வயது மகளுக்குப் பள்ளியில் ரோமன் எண் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவளை வாசிக்கவிடுங்கள். 54ஐ நம் பாடப்புத்தக முறையில் எழுதாமல், கடைசியில் நான்கு கோடு போட்டு எழுதியிருப்பதை அவளே பிடித்துவிடுவாள். உள்ளே போனதும் களத்தின் அடியில் தெரியும் சுரங்க அறைகளைக் காட்டுங்கள். விலங்குகளைக் கூண்டோடு மேலே தூக்க ஆட்கள் கையால் சுற்றும் தூக்கிகள் அங்கே இருந்தன. வெயிலுக்குக் கூரையாகப் பெரிய துணிப் பந்தலை விரித்தவர்கள் கப்பல் பாய் கட்டத் தெரிந்த மாலுமிகள். பிள்ளைகளுக்குப் பிடிப்பது இந்த "எப்படிச் செய்தார்கள்" பகுதிதான். அங்கே நடந்த கொலைகளை எந்த அளவுக்குச் சொல்வது என்பதை உங்கள் பிள்ளைகளை அறிந்த நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதே டிக்கெட்டில் போரம் என்ற பழைய ரோமின் பொதுச் சதுக்கமும், பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த பாலட்டைன் மேடும் அடக்கம். அன்றே எல்லாவற்றையும் முடிக்க முயலாதீர்கள். போரத்தில் ஒரு மணி நேரம் போதும். அங்கே மக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகளைப் பார்ப்பீர்கள். அந்த இடத்தில் அதற்கு முன்பு மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறித் துறையில் யவனர்கள் பொன் கொடுத்து ஏற்றிப்போன மிளகு வந்து இறங்கிய ஊர் இது. நம் பிள்ளைகளுக்கு ரோமை நெருக்கமாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மாதம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். தமிழகத்து மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் அதன் தொகுப்பில் உள்ளன. அகஸ்டஸின் முகத்தை இங்கே பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு அங்கே அவர் பழைய ஆள் ஆகிவிடுவார்.

நான்காம் நாள் வத்திக்கான். இங்கே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஆறு வயதுப் பிள்ளையோடு வத்திக்கான் அருங்காட்சியகம் வேண்டாம். சிஸ்டைன் சிற்றாலயத்தை எட்டுவதற்குள் கூட்டத்தின் நடுவே கூடம் கூடமாக நெடுந்தூரம் நகர வேண்டும். அவன் உயரத்துக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகுப் பை மட்டுமே. புனித பேதுரு பேராலயம் இலவசம், காலை 7 மணிக்குத் திறக்கும். உங்கள் பிள்ளைகள் அதற்குள் விழித்திருப்பார்கள், பாதுகாப்புச் சோதனை வரிசையும் அப்போது குட்டையாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புதன்கிழமை காலை போப்பின் பொதுச் சந்திப்பு நடப்பதால் அந்த நாளைத் தவிருங்கள். குவிமாடத்துக்கு மொத்தம் 551 படிகள். பாதி வழி மின்தூக்கியில் போனாலும் 320 படிகள் மிஞ்சும், கடைசிப் பகுதியில் சுவரே சாய்ந்துகொண்டு போகும். மகளும் பெற்றோரில் ஒருவரும் ஏறட்டும், மற்றவர் மகனோடு கீழே வத்திக்கானைக் காக்கும் சுவிஸ் காவலரின் வண்ண உடையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அங்கிருந்து ஜனிகோலோ மேட்டுக்கு ஏறினால் நகரம் முழுதும் காலடியில் தெரியும். அங்கே தினமும் நண்பகல் 12 மணிக்கு ஒரு பீரங்கி வெடிப்பார்கள். 1904 முதல் அந்த மேட்டில் நடக்கும் வழக்கம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துக் காதைப் பொத்தச் சொல்லுங்கள்.

பெற்றோர் பிரிந்து போவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு பேரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பல குடும்பப் பயணங்களைக் கெடுக்கிறது. பத்து வயதும் ஆறு வயதும் வேறு வேறு பயணங்கள். வில்லா போர்கேசே பூங்காவில் இது அழகாக அமையும். பூங்காவுக்குள்ளேயே போர்கேசே கலைக்கூடம் இருக்கிறது. முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதி, திங்கள் விடுமுறை. பெர்னினி செதுக்கிய அப்பல்லோ, டாஃப்னி சிலை அங்கே உள்ளது. துரத்தப்படும் பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறிக்கொண்டிருக்கும். அந்தக் கதையை முதலிலேயே சொல்லி அழைத்துப்போனால் பத்து வயதுப் பெண் அந்தச் சிலையைச் சுற்றிச் சுற்றி வருவாள். அதே இரண்டு மணி நேரத்தில் மகன் வெளியே நான்கு சக்கர மிதிவண்டியிலோ ஏரிப் படகிலோ அப்பாவுடன் இருப்பான்.

ஐந்தாம் நாளுக்கு எந்த டிக்கெட்டும் எடுக்காதீர்கள். பிள்ளைகள் சோர்ந்திருந்தால் பூங்காவும் ஐஸ்கிரீமும். தெம்பாக இருந்தால் ஓஸ்தியா ஆன்திகா. நான் மேலே சொன்ன, பொம்பேய்க்கு ஈடான இடம் இதுதான். பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோவிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம், சாதாரண நகர டிக்கெட்டே செல்லும். ரோமின் பழைய துறைமுக ஊர். ஆற்று வண்டல் மூடியதால் அழியாமல் கிடைத்தது. பல மாடிக் குடியிருப்புகள், நாடக அரங்கு, பானக் கடையின் கல் மேடை எல்லாம் இருக்கின்றன. வணிகர் சதுக்கத்தின் தரையில் கப்பல்களும் ஒரு யானையும் சிறு கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. யானையை முதலில் யார் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். பிறகு பொதுக் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். சுவரோரம் வரிசையாகத் துளையிட்ட பளிங்கு இருக்கைகள், நடுவில் மறைப்பே கிடையாது. ரோமானியர்கள் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னதும் வரும் சிரிப்பு அன்று முழுதும் ஓயாது. பரந்த இடம், பைன் மர நிழல், கூட்டம் குறைவு. திங்கள் மூடியிருக்கும்.

ஆறாம் நாள் வெனிஸ் ரயில். டெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன, இரண்டிலும் குடும்பச் சலுகை உண்டு, முன்கூட்டி எடுத்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கும். டிக்கெட்டில் 'வெனேசியா சாந்தா லூசியா' என்று இருக்கிறதா பாருங்கள். மெஸ்த்ரே என்பது நிலப்பகுதி, அங்கே இறங்கிவிடக் கூடாது. மெஸ்த்ரே தாண்டியதும் ரயில் கடற்கழியின் மேல் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் பாலத்தில் போகும். இரு பக்கமும் தண்ணீர். பாம்பன் பாலத்தில் போயிருக்கும் பிள்ளைகள் அங்கே கட்டாயம் அதைச் சொல்வார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிக்குக் கீழேயே பெருங்கால்வாய். இந்தக் காட்சிக்காகவே விமானத்தில் வெனிஸ் வருவதைவிட ரயிலில் வருவது மேல்.

வெனிஸில் தங்குமிடத்தைக் கன்னரேஜியோ, சாந்தா குரோச்சே என்ற பேட்டைகளில் ஒன்றில், நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். நாற்பது ஐரோ குறைகிறதே என்று மெஸ்த்ரேயில் தங்காதீர்கள், விடியலும் இரவும்தான் வெனிஸ். ஊரில் நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகளோடு. ஒவ்வொரு பாலமும் பெட்டியைத் தூக்கி இறக்கும் வேலை. வீட்டைத் தேர்வு செய்யும்போது "நிலையத்திலிருந்து எத்தனை பாலம்?" என்று கேட்பது அங்கே இயல்பான கேள்வி. பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குபவர்களுக்கு விலக்கு. அதைப் பதிவு செய்வது எப்படி என்று தங்குமிடத்தாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகுப் பேருந்தின் பெயர் வபொரெத்தோ. ஒற்றை டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 ஐரோ, ஆகவே நாள் கணக்கில் சீட்டு எடுப்பதே மலிவு. 6 வயது நிறையாதவர்களுக்குத்தான் இலவசம், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் வேண்டும். ஆனால் 6 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு 'ரோலிங் வெனிஸ்' என்ற அட்டை 6 ஐரோவுக்குத் தருகிறார்கள், அதோடு 72 மணி நேரச் சீட்டு மிகவும் குறைகிறது. குழந்தைக்கு அது பொருந்தும் என்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, கவுண்ட்டரில் கேட்டு வாங்குங்கள். முதல் மாலையே 1ஆம் எண் படகில் ஏறி, திறந்த இருக்கை கிடைத்தால் பிடித்துக்கொண்டு, பெருங்கால்வாய் முழுவதும் சான் மார்கோ வரை போங்கள். முக்கால் மணி நேரம், நகரின் சிறந்த காட்சி அதுதான். கொண்டோலா வேண்டுமானால் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 ஐரோ என்று நகராட்சியே நிர்ணயித்திருக்கிறது. அது படகுக்கு, ஆளுக்கு அல்ல. செலவு அதிகமாகத் தோன்றினால் 'திரகெத்தோ' இருக்கிறது. பெருங்கால்வாயின் குறுக்கே அக்கரைக்குக் கொண்டுவிடும் அதே மாதிரிப் படகு, ஆளுக்கு 2 ஐரோ. இரண்டு நிமிடம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு அதுவும் கொண்டோலாதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு சான் மார்கோ சதுக்கம். பகல் பதினொன்றுக்கு அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது வேறு ஊர். மணிக்கோபுரத்தில் மின்தூக்கி உண்டு, திறந்ததும் ஏறிவிடுங்கள். 1902இல் முழுதாக இடிந்து விழுந்து, 1912இல் அதே இடத்தில் அதே வடிவில் மறுபடி கட்டிய கோபுரம் அது. வெனிஸை ஆண்ட தலைவரான டோஜின் மாளிகையில் ஆயுதக் கூடத்தையும், மூடிய பாலத்தைக் கடந்து போகும் சிறையையும் மட்டும் காட்டினாலே போதும், ஓவியக் கூடங்களை வேகமாகக் கடந்துவிடுங்கள். மூன்றாவதாக இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பெருங்கால்வாயின் கரையிலேயே பழைய துருக்கிய வணிகர் மாளிகையில் இருக்கிறது, ஆப்பிரிக்காவில் கிடைத்த டைனோசர் எலும்புக்கூட்டோடு. பெரும்பாலான பயணிகள் இதன் பக்கம் வருவதே இல்லை.

அடுத்த நாள் தீவுகள். ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண் படகு, முக்கால் மணி நேரத்தில் புரானோ. அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒவ்வொரு நிறம். வழியில் முரானோ. தீ விபத்துக்குப் பயந்து 1291இல் கண்ணாடி உலைகளை நகரிலிருந்து அங்கே மாற்றினார்கள். உருகிய கண்ணாடியை ஊதிக் குதிரை செய்வதைப் பத்து நிமிடம் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. வெனிஸில் வண்டி இல்லை என்பதால் பிள்ளைகளின் கையைப் பிடிக்காமலே நடக்கலாம் என்று தோன்றும். கால்வாயோரப் பாதைகளில் பெரும்பாலும் கைப்பிடியே கிடையாது. மகனைச் சுவர்ப்பக்கம் நடக்க வையுங்கள். ஓடி விளையாட காம்போ எனப்படும் சதுக்கங்கள் இருக்கின்றன. சான் ஜாக்கொமோ தெல்லோரியோ சதுக்கத்தில் சாயங்காலம் உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். நம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு மொழி தேவைப்படாது.

சாப்பாட்டில் சைவர்களுக்குத் தெரிய வேண்டியவை சில. பார்மஜானோ, பெக்கொரினோ பாலாடைக்கட்டிகளில் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. இது உங்களுக்கு ஒப்பா இல்லையா என்பதைக் கிளம்புமுன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், மேசையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஒப்பில்லை என்றால் 'மரினாரா' பிட்சா: தக்காளி, பூண்டு, எண்ணெய், பாலாடைக்கட்டியே இல்லை. பாஸ்தாவில் 'பொமொதோரோ', அதாவது தக்காளிச் சாறு, பாதுகாப்பு, மேலே சீஸ் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ரோமில் பொரித்த பூசணிப்பூவைப் பார்த்து ஆசையாக வாங்காதீர்கள், உள்ளே நெத்திலி வைத்திருப்பார்கள். சோற்று உருண்டையான சுப்ளியில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. ரிசோத்தோவும் சூப்பும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். 'சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா அச்சூகே': இறைச்சி, மீன், நெத்திலி இல்லாமல். இந்த மூன்றையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து அவளையே ஆர்டர் கொடுக்க விடுங்கள். குழந்தை கேட்டால் சமையலறை வரை போய் விசாரித்துவிட்டு வருவார்கள், அந்த ஊர்க்காரர்களுக்குப் பிள்ளைகள் மேல் அவ்வளவு பிரியம். தெருக்கடைகளில் பிட்சாவைக் கத்தரித்து எடை போட்டு விற்பார்கள், நடக்கும்போது பசித்தால் அதுவே போதும்.

ஜேப்படி பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. டெர்மினியிலும் மெட்ரோவின் ஏ பாதையிலும் முதுகுப் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டை உள்சட்டையில் வையுங்கள். காய்ச்சலுக்குப் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடையில் 'டாக்கிபிரீனா' என்று கேளுங்கள், நம் பாராசிட்டமால்தான். அவசரத்துக்கு 112.

கடைசியாக விசா, ஆனால் வேலையைத் தொடங்க வேண்டியது இதிலிருந்துதான். இரண்டு ஊரும் இத்தாலியிலேயே இருப்பதால் இத்தாலிக்கே ஷெங்கன் விசா கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர 15 நாள் என்பது விதி, கோடை விடுமுறைக் காலத்தில் கூடுதலாகவும் ஆகும். பெரியவருக்கு 90 ஐரோ, 6 முதல் 12 வயதுக்குக் கீழ் 45 ஐரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் கைரேகை தேவையில்லை. குறைந்தது 30,000 ஐரோ மருத்துவக் காப்பீடு நால்வருக்கும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ்களில் உள்ள பெற்றோர் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். நம் தலைப்பெழுத்து முறையால் தாமதமாகும் விண்ணப்பங்கள் நிறைய. பொருந்தாவிட்டால் திருத்தவோ பிரமாணப் பத்திரம் எடுக்கவோ நாள் பிடிக்கும். சென்னை மையத்தில் மே பயணத்துக்கான நேரங்கள் பிப்ரவரி மார்ச்சிலேயே நெருக்கடியாகிவிடும், ஆகவே ஜனவரியில் நேரம் எடுத்துவிடுங்கள். அதுவரை பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். விசா வந்த பிறகு ரயிலும் போர்கேசே கலைக்கூடமும், பயணத்துக்கு 30 நாள் இருக்கையில் கொலோசியம். மற்றவற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.